ஆறு கோப்பைகளின் வெள்ளை

பதினாறு வருடமாக என் வேலை வெள்ளைக் கோப்பைகளைப் பார்த்துப் பிரிப்பது. விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு பீங்கான் பட்டறை. ஓட்டல்களுக்கான டீக் கோப்பை, சாசர், சூப்புக் கிண்ணம் செய்கிறோம். எல்லாமே வெள்ளைதான். பூ கிடையாது, கோடு கிடையாது. புதிதாக வருகிறவர்கள், "இதுல பிரிக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்று கேட்பார்கள்.

ஒரே மண், மேலே பூசுகிற ஒரே கிளேஸ், ஒரே சூளை. ஆனாலும் வெந்து வரும்போது வெள்ளை ஒன்றாக இருப்பதில்லை. மண்ணில் இம்மியளவு இரும்பு இருக்கும். சூளைக்குள் காற்று குறைவாக இருந்த மூலையில் வெந்த கோப்பை, சொட்டு நீலம் போட்ட வேட்டியைப்போல வரும். காற்று தாராளமாகப் பட்ட இடத்தில் வெந்தது பாலாடை நிறத்தில் வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை அழுக்காக்கிவிடும். அதனால் ஒரு செட்டுக்கு ஆறு கோப்பை என்றால் ஆறும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

என் மேஜை வடக்கு வாசலை ஒட்டிக் கிடக்கும். அங்கே நேர் வெயில் விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். காலை பத்து மணிக்கு முன்னாலும் சாயங்காலம் நாலு மணிக்குப் பின்னாலும் நான் கோப்பையைத் தொட மாட்டேன். அந்த நேரத்து வெளிச்சம் சிவப்பு. டியூப் லைட்டில் பார்க்கவே மாட்டேன். இதிலெல்லாம் நான் கறாராக இருப்பேன். "யக்கா சொன்னா அதான் வெள்ள" என்று முதலாளி வியாபாரிகளிடம் சொல்வார். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் அப்படிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

சில வருடங்களுக்கு முன் பேக்கிங் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். வேப்பூர் பக்கத்துக் கிராமம், முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டாள். நான் ஆறு ஆறாக வைப்பதை எடுத்து, காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. கைக்கு நல்ல பழக்கம் இருந்தது. அவள் கையில் ஒரு கோப்பை உடைந்து நான் பார்த்ததில்லை.

வந்து ஒரு வருடம் ஆனபின், ஒருநாள் காகிதம் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த ஆறுல ரெண்டு மஞ்சளா இருக்குது."

நான் போய்ப் பார்த்தேன். ஆறும் ஒன்றாகத்தான் இருந்தன. அவள் அன்று மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். அதைக் காட்டினேன்.

"கோப்பைய மடியில வெச்சிப் பாக்கற. உன் புடவ நெறம் அடிக்குது, அவ்ளோதான்."

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினேன். நான் கட்டியிருந்தது பச்சை. ஒரு கோப்பையை என் இடுப்போரம் கொண்டுவந்தேன். அதன் வயிற்றில் பச்சை ஏறியது. தள்ளிப் பிடித்தேன். இறங்கியது. வெள்ளைப் பொருளுக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை, மேலே விழுகிற வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும், புடவையில் பட்டு வருகிற வெளிச்சமாக இருந்தாலும் சரி என்று விளக்கினேன். இது பொய்யில்லை. வேலையில் நானே கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம்.

"ஆமாங்க்கா" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா மேஜ மேல வெச்சாலும் தெரியுதுக்கா" என்றாள்.

மறுநாள் என் வீட்டுக்காரரின் பழைய சாம்பல் நிறச் சட்டை ஒன்றைக் கொண்டுபோய், புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே, இன்னொரு செட்டைக் காட்டி அதையே சொன்னாள். "உன் வேலையப் பாரு" என்றேன். அதற்குப் பின் அவள் சொல்லவில்லை.

பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தது அந்த வருடத்துக் கடைசியில். முதலாளி என்னையும் அவளையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் பன்னிரண்டு கோப்பைகளை இரண்டு கும்பலாகப் பிரித்து வைத்திருந்தார்.

"இதுவும் அதுவும் ஒண்ணா யக்கா? செட்டு முழுக்கக் கலந்து கெடக்குதுன்னு அனுப்பிட்டாங்க."

நான் பார்த்தேன். இந்தக் கும்பலைப் பார்த்தேன், அந்தக் கும்பலைப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. ரூமுக்குள் பல்ப் வெளிச்சம், அதனால்தான் தெரியவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய் வேறு சொன்னது.

"நான் பிரிச்சி வெச்சப்ப சரியாத்தான் இருந்துது சார். பேக்கிங்ல கை மாறியிருக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. இப்படிச் சொல்கிறேனே என்று ஒரு ஆச்சரியம் மட்டும் இருந்தது.

"நான் மாத்தலீங்க சார்" என்றாள் முதலாளியிடம். "அக்கா குடுத்தத அப்படியேதான் கட்டுனேன்."

"அப்ப யக்கா தப்பாப் பிரிச்சாங்கன்னு சொல்றியா?"

முதலாளி அவளைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து, காயாத கோப்பைகளுக்கு விளிம்பு தேய்க்கிற வேலைக்குப் போட்டார். மூன்று நாள் வந்தாள். நாலாவது நாள் வரவில்லை. சாம்பல் சட்டையைத் துவைத்து மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஹைவேஸ் ஓரத்தில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று மாதத்தில் மறுபடியும் பெட்டிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை வேறு ஊர் ஓட்டல், பேக்கிங்கில் வேறு ஆள். முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நான் வைக்கிற செட்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒருதடவை பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். சில கோப்பைகளை ஓசையில்லாமல் மாற்றி வைப்பார். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கருப்புப் பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, நீல நூல்ல தைச்சிருக்கற?"

"கருப்புதாங்க அது."

நூல்கண்டை எடுத்துக்கொண்டு என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். வெயிலில் காட்டினார். எனக்கு அது கருப்புதான். அவர் சிரிக்கவில்லை.

"எங்களுக்குக் கொஞ்ச வருஷத்துக்கு ஒருக்கா கண்ணு டெஸ்ட்டு வெப்பாங்க. புஸ்தகத்துல புள்ளி புள்ளியாக் காட்டி நம்பர் கேப்பாங்க, வெளக்கு காட்டி நெறம் கேப்பாங்க. தப்பாச் சொன்னா சிக்னல் பக்கம் வுட மாட்டாங்க. நெறம் பாக்கறதே வேலைன்னு இருக்கற ஒனக்கு யாரு டெஸ்ட்டு வெச்சாங்க?"

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டு வருஷமா கண்ணாடி இல்லாமலே ஊசியில நூல் கோக்கறேன். முன்னவிட நல்லாத்தான் தெரியுது."

அது உண்மை. நாற்பத்தைந்து வயதில் போட்ட கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பேக்கிங் பெண்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டுக் கடலூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டரம்மா. ஊசி கோக்கிற கதையைச் சொன்னேன். "அதுவும் இதனாலதான்" என்றார். லென்ஸ் நடுவில் கெட்டியாகும்போது கிட்டப் பார்வை கொஞ்சநாள் நன்றாக இருக்குமாம். அதை நம்பிப் பலபேர் தாமதமாக வருவார்களாம். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன், இடது கண் பிறகு என்று முடிவானது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் கண்ணில் பட்டது கட்டிலின் விரிப்பு. அது இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் லேசாக நீலம் ஓடியது. நர்சின் உடுப்பை நேற்று சாம்பல் என்று நினைத்திருந்தேன். அது நல்ல ஊதா. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். விரிப்பு டீ சிந்தித் துவைத்த துணிபோல் ஆனது. மாற்றி மூடினேன். மறுபடி வெள்ளை. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மா, "கண்ணு உறுத்துதா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா வந்ததும் என் வேலையைச் சொல்லி, விவரம் கேட்டேன். அவர் அவசரப்படாமல் சொன்னார்.

"பகல் வெளிச்சத்துல எல்லா நெறமும் கலந்து இருக்குதும்மா. சுத்த வெள்ளக் கோப்ப எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடும். பாலாட வெள்ள இருக்குதே, அது நீலத்துல கொஞ்சத்த முழுங்கிட்டு மிச்சத்த அனுப்பும். நீலம் கொறஞ்ச வெளிச்சம் நமக்கு மஞ்சளாத் தெரியும். உங்க ரெண்டு கோப்பைக்கும் வித்தியாசமே அந்தக் கொஞ்சம் நீலந்தான். உங்க லென்ஸ் மஞ்சளாப் போயி, வர்ற நீலத்தையெல்லாம் வாசல்லியே நிறுத்திடுச்சி. அப்புறம் உள்ள எப்படி வித்தியாசம் தெரியும்?"

"அப்ப எனக்கு எல்லாம் மஞ்சளாத்தானே டாக்டர் தெரிஞ்சிருக்கணும்? எனக்கு வெள்ள வெள்ளையாத்தான் தெரிஞ்சிது."

"மூள பழகிக்கும். கொஞ்சம் கொஞ்சமா மாறுனதால இதுதான் வெள்ளன்னு வெச்சிக்கும். நீங்க பொய் சொல்லல. கண்ணுக்குள்ள வந்தது அவ்ளோதான்."

பொய் சொல்லவில்லை என்று அவர் சொன்னது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆபீஸ் ரூமில் தெரியவில்லை என்று சொல்லாமல் விட்டது அவருக்குத் தெரியாது. அதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை.

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். திரும்பி வந்த பாண்டிச்சேரிப் பெட்டிகள் குடோனில் அப்படியே கிடந்தன. நான் கட்டச் சொன்ன செட்டுகள். வடக்கு வாசலில் ஒரு பெட்டியைப் பிரித்து ஆறு கோப்பைகளையும் வரிசையாக வைத்தேன். இடது கண்ணால் பார்த்தபோது ஆறும் ஒன்று. வலது கண்ணால் பார்த்தபோது நாலு ஒரு மாதிரி, இரண்டு ஒரு மாதிரி. அந்த இரண்டும் அவ்வளவு மஞ்சளாக இருந்தன. சின்னப் பிள்ளை பிரித்துவிடும். அடுத்த பெட்டியில் மூன்றும் மூன்றும். அடுத்ததில் ஒன்று மட்டும் தனி. பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நான் கண்ணை மாற்றி மாற்றி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பொண்ணு கட்டுனது தப்பில்ல சார். நான் பிரிச்சதுதான் தப்பு. அன்னிக்கு நீங்க காட்டுனப்பவே எனக்கு வித்தியாசம் தெரியல. சொல்லாம வுட்டுட்டேன்."

அவர் சங்கடப்பட்டார். "வுடுங்க யக்கா, கண்ணு சரியில்லாததுக்கு யாரு இன்னா பண்ண முடியும்? நடந்தது நடந்துபோச்சி."

"அவ இங்க இல்லையே சார்."

பேக்கிங் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது இதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். ஒருத்தி மட்டும் தலையை ஆட்டினாள். அவர்களில் சிலருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் வியாழக்கிழமை லீவு போட்டு வேப்பூருக்கு பஸ் ஏறினேன். ஹைவேஸ் ஓரத்தில் ஓட்டல்கள் வரிசையாக இருக்கும். மூன்றாவதில் அவள் இருந்தாள். லாரிக்காரர்கள் சாப்பிட்டு எழுந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றாள். வேலையை நிறுத்தவில்லை. ஒரு மேஜையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு மேஜை துடைத்து முடித்துத்தான் வந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. கண்ணில் புரை என்றேன். ஆபரேஷன் பண்ணியதைச் சொன்னேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததைச் சொன்னேன்.

"நீ சொன்னதுதான் சரி. ரெண்டு மஞ்ச."

"நான்தான் அப்பவே சொன்னேன்லக்கா" என்றாள். குரல் உயரவில்லை.

"ஆமா."

"கண்ணு தெரியலன்னா அது வேற. சார் ரூம்ல, நான் மாத்திட்டேன்னு சொன்னீங்களே, அதுதான்." துடைக்கிற துணியை மடித்தாள். "எங்க வூட்டுல வந்து சொன்னப்ப, ஒரு வேலைய ஒழுங்காப் பாக்க மாட்டியான்னு அவரு என்னத்தான் கேட்டாரு."

தப்பு என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் போய் எனக்கு டீ கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளர். அதை வைத்துவிட்டு என் வலது கண்ணைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

"வலிச்சிதாக்கா?"

"இல்ல."

"இந்தக் கண்ணுல எப்படித் தெரியுது?"

"உன் புடவ இதுல நீலம். அதுல கருப்பு."

குனிந்து புடவையைப் பார்த்துக்கொண்டாள். "நீலந்தான்" என்றாள். முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். முதலாளியிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தேன். யோசிக்கிறேன் என்றாள். பஸ் ஏறும்வரை கூடவே வந்து நின்றாள். இரண்டு வாரம் கழித்து, மதியம் பட்டறைக்கு வந்து முதலாளியைப் பார்த்தாள். பேக்கிங்குக்கு வர மாட்டேன், தரம் பார்க்கிற மேஜையில் உட்கார வைப்பதானால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். "மேஜ பெருசுதான் சார்" என்றேன்.

அந்தச் சில மாதங்கள் நான் இரண்டு விதமான கண்ணோடு இருந்தேன். டாக்டரம்மா சீக்கிரம் வரச் சொல்லியும் இடது கண்ணைத் தள்ளிப் போட்டேன். சமையற்கட்டில், பஸ்ஸில், பழமலைநாதர் கோயில் மதில் ஓரம் நடக்கும்போது, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்ப்பேன். மஞ்சள் கண்ணில் அந்தக் கருங்கல் மதில் பழுப்பாகத் தெரியும். இன்னொன்றில் மழைமேகம்போல் இருக்கும். எது கல்லின் நிறம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "ரெண்டு பேரு பாத்தா ரெண்டு நெறம். நீ ஒருத்தியே ரெண்டு பேரா இருக்கற" என்றார்.

கடைசியில் இடது கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டியூப் லைட் பழையபடி வெள்ளையானது, சுவர் சுவரானது. இரண்டு மாதத்தில் எல்லாம் எப்போதும்போல் இருந்தன. மூளை பழகிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இப்போது வேறு கண் இல்லை.

மேஜையில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அவள் பிரித்ததை நான் பார்ப்பேன், நான் பிரித்ததை அவள் பார்ப்பாள். பார்க்கும்போது பேசக் கூடாது. ஒத்துப்போகாத கோப்பையை வாதாடாமல் ஒரு கூடையில் போட்டுவிடுவோம். முதலில் நாளுக்கு நாலைந்து விழும். இப்போது ஒன்றோ இரண்டோ. பழைய நாளைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. முன்பு இருந்ததைவிட நெருக்கம் என்று சொல்ல மாட்டேன். அவள் என்னை நம்புகிறாளா என்று கேட்டால், என் கண்ணை நம்புகிறாள் என்று மட்டும் சொல்லலாம்.

போன ஆவணியில் முதலாளியின் அக்கா மகளுக்கு சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நிச்சயதார்த்தம். பட்டறையிலிருந்து எல்லோரையும் வேனில் அழைத்துப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் காபி வந்தது. கோப்பை எங்களுடையது. அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து அவள்தான் முதலில் சொன்னாள். ஹால் முழுக்க ஏ.சி.க்காகத் திரை போட்டு, மேலே வரிசையாக மஞ்சள் விளக்கு எரிந்தது. எங்கள் மேஜையில் எட்டு கோப்பைகள். எட்டும் ஒரே வெண்ணெய் நிறம்.

"இதுல யாருக்குக்கா தெரியப்போவுது?" என்றாள்.

கொஞ்ச நேரம் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கோப்பையையும் அவள் கோப்பையையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திரையை ஒரு கையகலம் விலக்கினாள். காபி சிந்தாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து என்னுடையதை என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுதான்" என்றாள். உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள்.